கமேஹமேஹா பேரேடு: பாக்கப் போகலாமா, வேணாமா?

மே 29. வாசகர் கேள்வி

ஜூன் ரெண்டாவது வாரம் குடும்பத்தோட ஹோனலுலு வர்றோம். ராஜா பேருல ஏதோ பூ ஊர்வலம் இருக்குன்னு ஹோட்டல்ல சொன்னாங்க. டூரிஸ்ட்டுக்காக போடுற ஷோ தானே இது? காலைல குழந்தைங்கள எழுப்பி வெயில்ல நிக்க வைக்கற அளவுக்கு ஒர்த்தா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மே 29, இரவு

ஆறு வருஷமா இங்க இருக்கேன், அஞ்சு தடவ பாத்தாச்சு. ஷோ இல்ல. போங்க.

ஹவாய் தீவுகள ஒண்ணா சேத்த முதல் ராஜா கமேஹமேஹா, அவரோட பிறந்தநாள் ஜூன் 11. மாநிலம் பூரா லீவு. பேரேடு மட்டும் பக்கத்துல வர்ற சனிக்கிழமைக்கு வைப்பாங்க. காலைல ஒம்போது மணி வாக்குல அரண்மனை பக்கத்துல கிளம்பி வைகிகி கடற்கரைப் பக்கம் வழியா கபியோலானி பார்க்ல முடியும். தண்ணி, தொப்பி, மடக்கு சேர். அவ்ளோதான்.

மே 30

நேத்து போட்டதுல ஒரு தப்பு, யாரும் புடிக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். ஜூன் 11 அவரோட பிறந்தநாள் இல்ல. அவர் எந்த நாள் பொறந்தார்னு யாருக்கும் தெரியாது, வருஷத்துக்கே சண்டை. வால் நட்சத்திரம் தெரிஞ்சப்ப பொறந்தார்னு வழிவழியா சொல்றத வச்சு 1758-னு ஒரு கூட்டம், இல்ல அதுக்கு ரொம்ப முன்னாடின்னு இன்னொரு கூட்டம். ஜூன் 11-ங்கறது அந்தப் பரம்பரையோட அஞ்சாவது ராஜா லாட் கபுவைவா குறிச்ச தேதி. 1871 டிசம்பர் 22 அன்னிக்கு அறிவிச்சார், 1872 ஜூன்ல முதல் தடவ கொண்டாடினாங்க, குதிரைப் பந்தயம் ஓட்டப் பந்தயம்னு ஒரே கோலாகலம். லாட் பொறந்தது டிசம்பர் 11, அதே 1872 டிசம்பர் 11 அன்னிக்கே, தன்னோட பிறந்தநாள்லயே, செத்துப் போயிட்டார். கல்யாணம் பண்ணிக்கல, வாரிசும் இல்ல, கமேஹமேஹாங்கற பேரோட ஆண்ட கடைசி ராஜா அவர்தான். தாத்தாவுக்குன்னு ஆரம்பிச்ச விழாவ ஒரே ஒரு தடவதான் பாத்தார் மனுஷன்.

நான் அஞ்சு தடவ பாத்துட்டேன். நெனச்சா ஒரு மாதிரிதான் இருக்கு.

மே 30, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொரு திருத்தம். "அரண்மனை பக்கத்துல"ன்னதும் அது கமேஹமேஹாவோட அரண்மனைன்னு ஒருத்தர் நெனச்சுட்டார், மெசேஜ் வந்துச்சு. இல்லங்க. அவர் 1819-லயே செத்துப் போயிட்டார், பெரிய தீவுல (ஹவாய்ங்கற பேர் உள்ள தீவ இங்க அப்படித்தான் சொல்வாங்க), கைலுவா-கோனாவுல. இப்ப நீங்க பாக்கற இயோலானி அரண்மனை 1882-ல கலாகௌவா ராஜா கட்டி முடிச்சது. சிலை இருக்கறது ரோட்டுக்கு இந்தப் பக்கம், அலியோலானி ஹாலே முன்னாடி, அது இப்ப மாநில உச்ச நீதிமன்றம். போலீஸ் சீரியல்ல அடிக்கடி காட்டினாங்க, அதனால சிலைக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கற பாதிப்பேருக்கு ராஜா யாருன்னே தெரியாது, சீரியல் தெரியும்.

ஜூன் 1

சிலைன்னதும் ஞாபகம் வந்துச்சு. இத எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

பிரிட்டிஷ் மாலுமி கேப்டன் குக் இங்க வந்து நூறு வருஷம் ஆச்சுன்னு 1878-ல ஒரு நினைவுச் சின்னம் வைக்கணும்னு பேச்சு கிளம்புச்சு. சட்டசபைல பத்தாயிரம் டாலர் ஒதுக்கினாங்க. வேலைய வாங்கினது தாமஸ் ரிட்ஜ்வே கூல்ட்னு ஒரு அமெரிக்க சிற்பி, இருந்தது இத்தாலில ஃபிளாரன்ஸ்ல. வெண்கலம் வாத்தது பாரிஸ்ல. கப்பல் ஏத்தினது ஜெர்மனில பிரெமென்ல. வந்து சேர வேண்டியது பசிபிக் நடுவுல. 1880-ல அந்தக் கப்பல் தென் அமெரிக்காவுக்குக் கீழ ஃபாக்லாண்ட் தீவு பக்கத்துல மூழ்கிடுச்சு, ராஜாவும் உள்ள போயிட்டார். நல்லவேளை இன்ஷூரன்ஸ் போட்டிருந்தாங்க, அந்தப் பணத்துல இன்னொண்ணு வாக்கச் சொல்லிட்டாங்க. அது வந்து சேந்து 1883 பிப்ரவரி 14-ல கலாகௌவா தன்னோட முடிசூட்டு விழா சமயத்துல திறந்து வச்சார். அவர் கமேஹமேஹா பரம்பரை இல்ல, 1874-ல சட்டசபை ஓட்டுப் போட்டு ராஜா ஆனவர், அதனால "நானும் அந்த வரிசைதான்"னு காட்டிக்க இந்தச் சிலை அவருக்கு ரொம்பவே தேவைப்பட்டுச்சு. இது என் கணிப்பு. சண்டைக்கு வராதீங்க.

இதுக்கு நடுவுல கடலுக்குள்ள போன சிலைய யாரோ வெளிய எடுத்து, அத ஒரு கப்பல் கேப்டன் வாங்கி, ஹோனலுலுவுக்கே கொண்டு வந்து கூட விலைக்கு வித்துட்டார். ஒரு ராஜாவுக்கு ரெண்டு சிலை ஆயிடுச்சு. முங்கி எந்திரிச்ச மூலச் சிலைய அவர் பொறந்த பக்கமே, பெரிய தீவுல வடக்கு கோஹலாவுல கபாஅவ்ங்கற சின்ன ஊர்ல வச்சாங்க.

அதாவது ஹோனலுலுல எல்லாரும் கும்பலா போட்டோ எடுக்கறது காப்பி, ஒரிஜினல் கிராமத்துல இருக்கு. வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டடத்துல 1969-ல வச்சது இன்னொரு வார்ப்பு.

ஜூன் 1, ராத்திரி

கபாஅவ் சிலை பத்தி விட்டுட்டேன். அந்த ஊர்க்காரங்க அதுக்கு பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க, தோல் கலர், மஞ்சள் அங்கி, எல்லாம். ஹோனலுலுல கருப்பும் தங்கமுமா மினுமினுன்னு நிப்பார், இங்க நம்மகிட்ட பேச வர்ற மாதிரி நிப்பார். 2001 வாக்குல சிலைய செப்பனிட்டப்ப பெயின்ட்ட சுரண்டி வெண்கலமா விடலாமா, இல்ல பழையபடி கலர் அடிக்கலாமான்னு ஊரையே கேட்டாங்க. ஊர் கலர்னு சொல்லிடுச்சு. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

முகம் அவர் முகம் இல்ல, அது வேற விஷயம். நிக்கற நிலையும் நீட்டின கையும் ரோமாபுரி சக்கரவர்த்தி மாதிரி, கால்ல செருப்பு வேற. தேதி அவரோடது இல்ல, முகம் அவரோடது இல்ல, செருப்பும் அவரோடது இல்ல. மேல போர்த்தியிருக்கற இறகு அங்கிய மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவரோட நிஜ அங்கி பிஷப் மியூசியத்துல இருக்கு, மாமோங்கற குருவியோட மஞ்சள் இறகு, லட்சக்கணக்குல. ஒரு குருவிகிட்ட கொஞ்சூண்டு இறகுதான் மஞ்சளா இருக்கும், மத்ததெல்லாம் கருப்பு. அந்தக் குருவி இனமே இப்ப இல்ல.

ஜூன் 3

"இவ்ளோ கதை சொல்றீங்க, பேரேடுல என்ன பாக்கறதுன்னு சொல்லலயே"ன்னு ஒருத்தர். நியாயம்.

பாஊ குதிரைக்காரங்கள பாருங்க. மத்ததெல்லாம் எந்த ஊர் ஊர்வலத்துலயும் இருக்கறதுதான், பேண்ட் செட், பூ ஜோடிச்ச வண்டி, கையாட்டற அரசியல்வாதி. பாஊ இங்க மட்டும்தான். ஹவாயோட எட்டு தீவுக்கும் தீவுக்கு ஒரு இளவரசி, கூடவே ஒரு பட்டாளம், எல்லாம் குதிரை மேல. அவங்க இடுப்புல கட்டியிருக்கறது பன்னெண்டு கஜம் வரைக்கும் போற ஒரே துணி, ரெண்டு ஆறு கஜப் புடவைய ஒட்டுப் போட்ட நீளம். தையல் கிடையாது, ஊக்கு கிடையாது. குக்குயிங்கற மரத்தோட கொட்டைய துணிக்குள்ள வச்சு முறுக்கி இடுப்புல செருகிடுவாங்க. அந்தக் கொட்டைதான் முடிச்சு. ரெண்டு பக்கமும் குதிரை வயிறு தாண்டித் தொங்கும். கட்டி விடறதுக்குன்னே கை தேர்ந்த ஆளுங்க இருக்காங்க, விடிகாலைல போனா பாக்கலாம், ஒருத்தர் புடிச்சு இழுக்க ஒருத்தர் சுத்த, புடவை கொசுவம் வைக்கறத விட பத்து மடங்கு பாடு.

குதிரை இங்க வந்ததே 1803-ல, கமேஹமேஹாவுக்குப் பரிசா. அவர் பெருசா மெச்சிக்கலன்னு சொல்வாங்க, தீனிச் செலவு ஜாஸ்தின்னு. ஆனா பொம்பளைங்க புடிச்சுக்கிட்டாங்க. ஒரு பக்கமா உக்காராம ரெண்டு பக்கமும் கால் போட்டு ஓட்டினாங்க, விருந்துக்குப் போற நல்ல டிரெஸ் புழுதிபடாம இருக்க மேல சுத்திக்கிட்ட துணிதான் பாஊ. இன்னிக்கு அந்தப் புழுதித் துணிதான் ஊர்வலத்துலயே அழகு.

ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கலர், ஒரு பூ. பெரிய தீவுன்னா சிவப்பு, லெஹுவா. மவுயி இளஞ்சிவப்பு, ரோஜா. ஹோனலுலு இருக்கற ஓஆஹு மஞ்சள், இலிமா. கவாயி ஊதா, அதுக்கு பூ இல்ல, மொக்கிஹானாங்கற வாசனைக் காய். மொலோகாய் பச்சை, லானாய் ஆரஞ்சு. நீஹாவ்ல பூவுக்குப் பதிலா சிப்பி, துளித் துளியா கோத்தது. கடைசியா கஹோஓலாவே, சாம்பல் கலர், ஊரே இல்லாத தீவு. அமெரிக்க ராணுவம் குண்டு போட்டுப் பழகின இடம் அது. அதுக்கும் ஒரு இளவரசி வருவா.

குதிரைங்க போன பின்னாடி தள்ளுவண்டியும் முறமுமா சாணி அள்ளறவங்க வருவாங்க, அந்த வண்டிக்கும் பூ ஜோடிச்சிருப்பாங்க. நான் பாத்த அஞ்சு வருஷமும் கைத்தட்டல்ல அவங்கதான் ஃபர்ஸ்ட்.

ஜூன் 5

கீழ் வீட்டு ஆண்ட்டி பத்தி சொல்லணும். இங்க வயசுல பெரியவங்க யாரா இருந்தாலும் ஆண்ட்டி, அங்கிள் தான், பேர் சொல்லிக் கூப்பிட்டா முறைப்பாங்க. அதனால நமக்கு இந்த ஊர்ல ஒரு சிரமமும் இல்ல.

வந்த ரெண்டாவது வருஷம் ஜூன்ல அவங்க வீட்டு வாசல்ல அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா பூ. சிலைக்குப் போடற மாலை, இங்க லேய்னு சொல்றது. பேரேடுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சிலைக்கு மாலை போடற விழா, தீயணைப்பு வண்டியோட ஏணில ஏறி, ஒவ்வொண்ணும் இருபது முப்பது அடி நீளம், நீட்டின கைலயும் கழுத்துலயும் போட்டுப் போட்டு சாயங்காலத்துக்குள்ள ராஜா பாதி மறைஞ்சுடுவார். பேரேடவிட எனக்கு அதுதான் ஒசத்தி.

பூ கட்டத் தெரியும்னு வீராப்பா போய் உக்காந்தேன். எங்க பாட்டிகிட்ட கத்துக்கிட்டது, நார் இருந்தா போதும். இங்க கட்டறது இல்லங்க, கோக்கறது. முழ நீள ஊசி, நூல், பூவோட நடுவுல குத்தி இழுத்து இழுத்து. நான் அரை மணி நேரத்துல கட்டினது ரெண்டு முழம், பக்கத்துல ஒரு பள்ளிக்கூடப் பையன் அதுக்குள்ள பத்தடி முடிச்சுட்டான். ஆண்ட்டி என் மாலைய எடுத்துப் பாத்து, முடிச்சு அழகா இருக்கு, ஆனா ராஜாவுக்கு மோதிரத்துக்குத்தான் காணும்னாங்க.

ரெண்டாவது பெட்டியத் தொறந்தா உள்ள என்ன? எருக்கம்பூ! பெட்டி நிறைய! புள்ளையாருக்குத் தவிர வேற யாருக்கும் எருக்கு மாலை போட்டு நான் பாத்ததில்ல, மனுஷங்க கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியறாங்க இங்க. கிரீடம் மாதிரி இருக்கறதால கிரீடப்பூன்னு பேர், கடைசி ராணி லிலியுஓகலானிக்கு ரொம்பப் புடிச்ச பூவாம். பால் கண்ணுல படாமப் பாத்துக்கோன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டி இருக்கல, அந்த ஒரு விஷயத்துல நான் சீனியர்.

அப்புறம் பிகாகே. அது நம்ம மல்லியேதான், குண்டு மல்லி. கயுலானி இளவரசி மயில் வளத்தாங்க, மல்லியும் புடிக்கும், அதனால ரெண்டுக்கும் ஒரே பேர் ஆயிடுச்சு. மயில்னு சொன்னா மல்லி. மூணு வருஷமா எங்க வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை ஆனா மயில் வாங்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவா.

ஜூன் 6

இப்ப கொஞ்சம் எதிர்ப்பக்கம். மே 29-ல "ஷோ இல்ல"ன்னு அடிச்சுச் சொன்னேன்ல, அது பாதி உண்மைதான்.

வைகிகில ரெண்டு பக்கமும் பெரிய ஹோட்டல், நடுவுல ஊர்வலம், ஓரத்துல நிக்கற பாதிப்பேர் அன்னிக்கு காலைலதான் விமானத்துல இறங்கினவங்க. அத மறைக்க முடியாது. ஆனா இன்னொண்ணும் இருக்கு. 1893-ல ராணிய கவுத்துட்டாங்க, 1898-ல அமெரிக்கா எடுத்துக்கிச்சு. ராஜ்யம் போச்சு, கொடி போச்சு, இந்த ஒரு நாள் மட்டும் காலண்டர்ல நின்னுச்சு. ராஜாவே வேணாம்னு உருவான நாட்டுல ஒரு ராஜாவுக்கு அரசு விடுமுறை! ராஜவம்சத்துக்குன்னு லீவு விடற மாநிலம் அமெரிக்காவுல இது ஒண்ணுதான். மார்ச் 26-ல இளவரசர் கூஹியோவுக்கும் ஒண்ணு இருக்கு.

ஊர்வலத்துல கருப்பு கவுனும் மஞ்சள் இறகு மாலையுமா வயசான பொம்பளைங்க வரிசையா நடந்து வருவாங்க, சிரிக்க மாட்டாங்க, கையாட்ட மாட்டாங்க. கஅஹுமானு சங்கம். கமேஹமேஹாவுக்குப் புடிச்ச ராணி பேருல இருக்கறது. அவங்க வர்றப்ப டூரிஸ்ட் கூட செல்ஃபோன கீழ இறக்கிடறான். அது ஷோ இல்ல. அதுல மாத்திப் பேச மாட்டேன்.

ஜூன் 6, உடனே

கொடி போச்சுன்னு எழுதிட்டேன், தப்பு. கொடியும் நிக்குது. ராஜ்யத்தோட கொடிதான் இன்னிக்கு மாநிலக் கொடி, மூலைல பிரிட்டிஷ் கொடியோட. ஆவேசத்துல எழுதினா இப்படித்தான்.

ஜூன் 8

"கமேஹமேஹா மத்த தீவுகள அடிச்சுப் புடிச்சவர்தானே, அந்தத் தீவுக்காரங்களும் கொண்டாடறாங்களா?"

நல்ல கேள்வி, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். 1795-ல இதே ஓஆஹுல நுஉஆனு மலை உச்சி வரைக்கும் எதிரிப் படையத் தொரத்தி, செங்குத்துப் பாறைலேந்து தள்ளி விட்டாங்க. இப்ப அங்க டூரிஸ்ட் பஸ் நிக்குது, காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், எல்லாரும் தொப்பியப் புடிச்சுக்கிட்டு செல்ஃபி எடுப்பாங்க. பின்னாடி அந்த வழில ரோடு போட்டப்ப அடில எலும்புக் குவியல் கெடச்சுது.

கவாயி கதையே வேற. ரெண்டு தடவ படை கிளம்பினார். 1796-ல கடல் விடல, 1804-ல நோய் விடல. கடைசில 1810-ல கவாயி ராஜா கவுமுஆலியி பேச்சுவார்த்தைல இவருக்குக் கீழ இருக்க ஒத்துக்கிட்டார். அதனால கவாயிக்காரங்க இன்னிக்கு வரைக்கும் "எங்கள யாரும் ஜெயிக்கல"ம்பாங்க. சும்மா வாய்ப்பேச்சு இல்ல. 1963-ல இத்தாலில செஞ்ச பதினாலு அடி கமேஹமேஹா சிலை ஒண்ணு கவாயில ஒரு ரிசார்ட்டுக்குன்னு வந்துச்சு, ஊர்க்காரங்க வைக்க விடல. ஜெயிக்காத ஊர்ல ஜெயிச்சவன் சிலை எதுக்குன்னு. ரொம்ப வருஷம் கெடந்து, 1997-ல பெரிய தீவுல ஹீலோவுக்குப் போய் நின்னுச்சு.

போன வருஷம் கவாயி ஆதீனம் போனோம். யாழ்ப்பாணம் யோகசுவாமி வழி வந்த மடம், இறைவன் கோயில் வெள்ளைக் கருங்கல்லுல, பெங்களூர்ல செதுக்கிக் கொண்டு வந்தது. அப்படியே மேற்கால வைமேயா போனா கடலோரம் கவுமுஆலியிக்கு 2021-ல வச்ச சிலை. எனக்குத் தெரிஞ்சு அவருக்கு லீவு கிடையாது. நாங்க போனப்ப கழுத்துல ஒரே ஒரு மாலை, காஞ்சது.

சொல்ல மறந்தேன், கீழ் வீட்டு ஆண்ட்டியோட பாட்டி வழி கவாயிதான். வருஷா வருஷம் முப்பது அடி கோத்துக்கிட்டே, "எங்கள அவன் ஜெயிக்கல"ன்னும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அப்ப எதுக்கு ஆண்ட்டி கோக்கறீங்கன்னு கேட்டேன். "பூ பூத்துடுச்சே"ன்னாங்க.

ஜூன் 9

மேல எழுதினதப் படிச்சுட்டு "அப்ப அவர் கொலைகாரர்தானே"ன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். முன்னாடி ஒரு தடவ பெரிய தீவுல பூனாங்கற பக்கம் மீனவங்களத் தொரத்தினப்ப அவர் கால் எரிமலைப் பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு, திரும்பி வந்த ஒரு மீனவன் துடுப்பால மண்டைல போட்டான், துடுப்பே ஒடஞ்சுடுச்சு. அவர் ராஜாவானப்புறம் அந்த ஆள் மாட்டினான். தண்டிக்கல, தப்பு என் பேருலதான்னு விட்டுட்டார். அதுலேந்து வந்தது 1797-ல ஒடஞ்ச துடுப்புச் சட்டம்: வயசானவங்க, பொம்பளைங்க, குழந்தைங்க ரோட்டோரத்துல பயமில்லாம படுத்துக்கலாம், யாரும் தொடக் கூடாது. இன்னிக்கு மாநில அரசியல் சாசனத்துலயே அது இருக்கு.

2014-ல இதே ஹோனலுலு, வைகிகி நடைபாதைல உக்காரக் கூடாது படுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, வீடில்லாதவங்கள மனசுல வச்சுத்தான். ராஜாவோட ஊர்வலம் போறது அதே ரோடு. போன தடவ பேரேடு அன்னிக்கு நாங்க எல்லாரும் அதே நடைபாதைல பாய் விரிச்சு, ஐஸ் பெட்டி வச்சு, காலை நீட்டி உக்காந்திருந்தோம். யாரும் எழுப்பல.

ஜூன் 13

மாலை போட்டாச்சு. என்னோடது நாலடி, ஆண்ட்டியோட மாலைல சேத்துக் கட்டிட்டாங்க. எங்க இருக்குன்னு கீழேந்து தேடினேன், தெரியல.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் வந்தாராம். கஹோஓலாவே வர்றதுக்குள்ள புள்ள அழுதுட்டானாம், கிளம்பிட்டாங்களாம். பரவால்ல, சாணி வண்டி பாத்தீங்களா?

ஜூன் 17

மாலையெல்லாம் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டிருக்கார். சிலைலேந்து எறக்கினப்புறம் என்ன பண்றாங்கன்னு நான் நின்னு பாத்ததில்ல. வீட்டு மாலைய குப்பைல போட மாட்டாங்க. போன வருஷம் தெரியாம நான் குப்பைப் பைல போட்டுட்டேன், ஆண்ட்டி பாத்துட்டு ஒண்ணும் பேசாம வெளிய எடுத்து, நூல உருவிட்டு, பூவ மாமரத்தடில கொட்டினாங்க. நூல சுருட்டி ஜோபில வச்சுக்கிட்டாங்க.

அடுத்த வருஷம், மே 20

இந்த இழைய யாரோ மேல தூக்கி விட்டிருக்காங்க, இந்த வருஷம் எங்க நிக்கலாம்னு. கிங் தெருவுல சிலை பக்கம் வெயில் கொளுத்தும், கபியோலானி பார்க் கிட்ட மரம் இருக்கு, அங்க உக்காருங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே வந்தீங்கன்னா எங்க வாசலுக்கு வாங்க, ஆண்ட்டிக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, ஊசில நூல் கோத்துக் குடுக்க ஆள் வேணும். எருக்கு இந்த வருஷம் நல்லா பூத்திருக்கு.